பெண் வேடம் எப்போது சிரிப்பூட்டுகிறது? 1949ஆம் ஆண்டுப் படம் ஒன்றை வைத்து ஓர் எளிய விளக்கம்

சினிமாவில் ஓர் ஆண் பெண் வேடம் போட்டு வந்தால் முதல் இரண்டு நிமிடம் எல்லோரும் சிரிப்போம். விக், நடை, குரல் மாற்றம் ஆகியவற்றைப் பார்த்ததுமே சிரிப்பு வந்துவிடும். மூன்றாவது நிமிடமும் அந்தச் சிரிப்பு நீடிக்க வேண்டுமென்றால் கதை சில கேள்விகளுக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். அவன் ஏன் அதைப் போட்டான்? போடாவிட்டால் என்ன இழப்பான்? யார் நம்புகிறார்கள், ஏன் நம்புகிறார்கள்? இவற்றில் கடைசிக் கேள்விதான் முக்கியம் என்பது என் எண்ணம். பெரும்பாலான படங்கள் அதைத்தான் கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகின்றன.

ஆள்மாறாட்ட நகைச்சுவை மிகப் பழைய கலை. ஷேக்ஸ்பியரின் நாடகங்களிலேயே பெண்கள் ஆண் உடையில் ஊர் சுற்றுகிறார்கள், காதலில் சிக்கிக்கொள்கிறார்கள். அடிப்படை விதி ஒன்றுதான். பார்ப்பவருக்கு உண்மை தெரியும், கதைக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாது. எப்போது மாட்டிக்கொள்வார்களோ என்ற பதைப்பும் சிரிப்பும் அந்த இடைவெளியிலிருந்தே வருகின்றன. இது எல்லோருக்கும் தெரிந்த பகுதி. அடுத்த படியைப் புரிந்துகொள்ள 1949இல் வெளியான 'ஐ வாஸ் எ மேல் வார் பிரைட்' என்ற அமெரிக்கப் படத்தைப் போல எளிதாக உதவும் படம் வேறொன்று எனக்குத் தெரியாது. இயக்கியவர் ஹோவர்ட் ஹாக்ஸ். நடித்தவர்கள் கேரி கிராண்டும் ஆன் ஷெரிடனும். தலைப்பின் பொருள் ஏறத்தாழ 'நான் ஓர் ஆண் போர் மணமகளாக இருந்தேன்' என்பது.

ஆண் எப்படி மணமகள் ஆக முடியும்? அதற்குக் கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது லட்சக்கணக்கான அமெரிக்கப் படைவீரர்கள் பிரிட்டன், பிரான்ஸ், இத்தாலி, ஆஸ்திரேலியா என்று பல நாடுகளில் தங்கியிருந்தார்கள். போன இடத்தில் காதலித்தார்கள், கல்யாணமும் செய்துகொண்டார்கள். போர் முடிந்ததும் வீரர்கள் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். அவர்களுடைய மனைவியர் அந்நிய நாட்டுக் குடிமக்கள் என்பதால் விசா, மருத்துவத் தகுதி, குடியேற்ற ஒதுக்கீடு என்று ஏகப்பட்ட தடைகள் முன்னால் நின்றன. அந்தத் தடைகளைத் தளர்த்துவதற்காக 1945 டிசம்பர் 28 அன்று 'வார் பிரைட்ஸ் ஆக்ட்' என்று அழைக்கப்படும் சட்டம் வந்தது. அரசுக் கணக்கில் அது 271ஆம் எண் பொதுச் சட்டம். படையில் பணிபுரியும் அல்லது நற்சான்றுடன் விடுவிக்கப்பட்ட அமெரிக்கக் குடிமக்களின் அந்நிய நாட்டுத் துணைவர்களும் குழந்தைகளும் எளிதாக அமெரிக்காவுக்குள் வரலாம். மூன்று ஆண்டுகளுக்கு மட்டும்.

இந்தச் சட்டத்துக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. அமெரிக்கக் குடியுரிமைக்குத் தகுதியற்றவை என்று சில இனங்களைத் தள்ளிவைத்திருந்த பழைய விதிகளை அது தொடவில்லை. ஜப்பானிய மனைவியருக்கு 1947இல் ஒரு திருத்தம் வந்த பிறகே வழி திறந்தது. படம் ஐரோப்பாவுக்குள்ளேயே நடப்பதால் அந்தத் துயரம் அதில் வரவே இல்லை.

நம் கதைக்குத் தேவையான விஷயம் வேறு. சட்டத்தின் வாசகம் கணவன், மனைவி இருவருக்குமே பொருந்தும்படிதான் இருந்தது. படையில் பெண்களும் இருந்தார்களே! பெண்களுக்கான ராணுவப் பிரிவு 1942இல் தொடங்கப்பட்டு, 1943இல் ராணுவத்தின் முழு அங்கமாகி, 'வாக்' என்று அழைக்கப்பட்டது. அந்தப் பெண்களும் ராணுவச் செவிலியர்களும் அந்நிய நாட்டு ஆண்களை மணந்துகொண்டால், அந்த ஆண்களுக்கும் இதே சட்டம்தான். ஆனால் சட்டம் புத்தகத்தில் இருக்கிறது. அதை நடத்திக்காட்டும் படிவங்கள், தங்குமிடங்கள், கப்பல்கள் எல்லாம் வருபவர் பெண் என்று முடிவு செய்துகொண்டே தயாராகியிருந்தன. 1946 ஜனவரி கடைசியில் சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்குப் புறப்பட்ட 'அர்ஜென்டினா' என்ற கப்பலில் 452 மணமகள்களும் 173 குழந்தைகளும் இருந்தார்கள். மணமகன் ஒரே ஒருவர்! இந்தச் சட்டத்தின்கீழ் மொத்தத்தில் ஒரு லட்சத்துக்கும் அதிகமான மனைவியர் அமெரிக்காவுக்கு வந்தார்கள். கணவர்கள் சில நூறு பேர்தான். அந்தச் சில நூறு பேருக்காக யாரும் தனியாகப் படிவம் அச்சடிக்கவில்லை.

அப்படி அகப்பட்டவர்களில் ஒருவர் ரோஜே ஷார்லியே என்ற பெல்ஜியக்காரர். அமெரிக்கச் செவிலியர் ஒருவரை மணந்தவர். ஆன்ரி ரோஷார் என்ற புனைபெயரில் தன் அனுபவத்தை எழுதினார். 'காங்கிரஸின் 271ஆம் பொதுச் சட்டத்தின்படி அமெரிக்கா செல்லும் பெண் ராணுவப் பணியாளரின் அந்நிய நாட்டுத் துணையாக நான் இருந்தேன்' என்பதுதான் அந்தக் கட்டுரையின் தலைப்பு. தலைப்பே அரசாணை மாதிரி இருக்கிறது. படத்தின் கரு அங்கிருந்து வந்தது.

சரி, கதைக்கு வருவோம்.

போர் முடிந்து நேச நாடுகளின் ஆட்சியில் இருக்கும் ஜெர்மனி. ஆன்ரி ரோஷார் பிரெஞ்சு ராணுவத்தில் கேப்டன். அந்த வேடத்தில் கேரி கிராண்ட்; பிரெஞ்சு உச்சரிப்புக்கு அவர் துளிகூட முயலவில்லை, படமும் அதைப் பொருட்படுத்தவில்லை. கேத்தரின் கேட்ஸ் அமெரிக்க 'வாக்' பிரிவில் லெப்டினன்ட். அந்த வேடத்தில் ஆன் ஷெரிடன். இருவருக்கும் ஏற்கெனவே ஏழாம் பொருத்தம். ஹைடல்பெர்கிலிருந்து பாட் நவ்ஹைம் என்ற ஊருக்குப் போய், ஷிண்ட்லர் என்ற லென்ஸ் நிபுணரைக் கண்டுபிடிக்க வேண்டும். அது ரோஷாரின் பொறுப்பு. துணைக்குக் கேத்தரின் அனுப்பப்படுகிறாள்.

கிடைக்கும் ஒரே வண்டி சைடுகார் வைத்த மோட்டார் சைக்கிள். ராணுவ விதிப்படி அதைக் கேத்தரின்தான் ஓட்டலாம். எனவே கேப்டன், கால்களை மடக்கிக்கொண்டு சைடுகாரில் உட்கார வேண்டியதாகிறது. இந்தக் காட்சியைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பதவியில் மேலே இருப்பவன், உயரமானவன், தன்னை மிடுக்கானவனாக நினைப்பவன். அவன் தரையோடு தரையாக ஒரு தொட்டிக்குள் உட்கார்ந்திருக்க, அவள் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிறாள். அவனைப் பெண் இடத்தில் உட்கார வைக்கும் வேலையைப் படம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. விக் வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரத்துக்கும் மேல் இருக்கிறது.

போன இடத்திலும் அதேதான். அவள் உதவி வேண்டாம் என்று தனியாக வேவு பார்க்கக் கிளம்புகிறான் ரோஷார். கறுப்புச் சந்தைச் சோதனை ஒன்றில் அகப்பட்டு உள்ளே போய்விடுகிறான். அதற்குள் ஷிண்ட்லரைக் கேத்தரின் கண்டுபிடித்து வேலையையே முடித்துவிடுகிறாள். சண்டை காதலாகிறது. கல்யாணம் என்றதும் அரசாங்கம் உள்ளே வருகிறது. ஒன்றுக்கு மூன்றாகத் திருமணச் சடங்குகள் நடக்கின்றன. மூன்று முறை கணவன் மனைவி ஆன பிறகும் அவர்களால் சேர்ந்து இருக்க முடியவில்லை. கேத்தரினின் பிரிவுக்கு அமெரிக்கா திரும்பும்படி உத்தரவு வந்துவிடுகிறது. அவளோடு போக அவனுக்கு இருக்கும் ஒரே வழி 271ஆம் சட்டம்.

இந்த வகைப் படத்துக்கு 'ஸ்குரூபால் காமெடி' என்று பெயர். 1930களில் ஹாலிவுட்டில் செழித்த வகை இது. சரமாரியான பேச்சு, ஓயாத சண்டை, முன்னால் நின்று நடத்தும் பெண், மெல்ல மெல்ல மானம் போகும் ஆண். இது தோன்றியதற்கு ஒரு காரணம் தணிக்கை. 1934 நடுப்பகுதியிலிருந்து ஹாலிவுட்டில் ஹேஸ் விதிகள் கண்டிப்பாக அமலுக்கு வந்தன. படுக்கையறையை வெளிப்படையாகக் காட்ட முடியாது. காதலர்களுக்கு இடையிலான ஈர்ப்பை வேறு எதன் வழியாகவோ காட்டியாக வேண்டும். எழுத்தாளர்கள் வாய்ச்சண்டையைக் கண்டுபிடித்தார்கள். ஹாக்ஸும் கிராண்டும் இதில் கைதேர்ந்த ஜோடி. 1938இல் 'பிரிங்கிங் அப் பேபி', 1940இல் 'ஹிஸ் கேர்ள் ஃபிரைடே' என்று முன்பே சேர்ந்து செய்திருந்தார்கள். அந்த இரண்டு படங்களின் எழுத்தில் பங்குகொண்ட ஹேகர் வைல்டும் சார்லஸ் லெடரரும் இந்தப் படத்தின் திரைக்கதையில் மறுபடி சேர்ந்துகொண்டார்கள். கூடவே லெனர்ட் ஸ்பிகல்காஸ்.

தணிக்கை விதியை இந்தப் படம் கையாளும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். கல்யாணத்துக்கு முன்பே ஒரு காட்சி உண்டு. கதவின் கைப்பிடி கழன்று விழுந்துவிட, ரோஷார் அவள் அறையிலேயே மாட்டிக்கொள்கிறான். இரவு முழுவதும் ஒரு நாற்காலியில் தூங்க முயல்கிறான். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவன் படும் பாட்டைக் கிராண்ட் கிட்டத்தட்டப் பேச்சே இல்லாமல் நடித்துக் காட்டுகிறார். அது கல்யாணம் ஆகாதவர்களின் கஷ்டம். கல்யாணம் ஆனபின் இருவரும் சட்டப்படி கணவன் மனைவி. தணிக்கைக்கும் ஆட்சேபம் சொல்ல இடமில்லை. இப்போது தடுப்பது ராணுவம். அதிகாரிகள் விடுதிக்குப் போனால் அவன் அமெரிக்க அதிகாரி கிடையாது. மனைவியர் விடுதிக்குப் போனால் அவன் ஆண். இங்கே தூங்கக் கூடாது, அங்கே தூங்கக் கூடாது என்று விரட்டப்பட்டு, ஒரு குளியல் தொட்டியில் சுருண்டு படுக்கிறான். பிரிட்டனில் இந்தப் படத்துக்கு வைத்த பெயரே 'யூ கான்ட் ஸ்லீப் ஹியர்', அதாவது இங்கே நீ தூங்க முடியாது. படத்தின் சாரத்தை அமெரிக்கத் தலைப்பைவிட இது நன்றாகச் சொல்கிறது.

படிவம் நிரப்பும் காட்சியும் அப்படித்தான். கேள்விகள் எல்லாம் மணமகளுக்காக அச்சிடப்பட்டவை. பெண்களின் உடல்நலம், பிள்ளைப்பேறு என்று வரிசையாக வருகின்றன. கேட்கும் அதிகாரிக்கும் எதிரே இருப்பவர் ஆண் என்று தெரியும். இருந்தாலும் படிவத்தில் இருப்பதைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்? ரோஷார் முதலில் கோபப்படுகிறான். அப்புறம் களைத்துப்போய், கேட்டதற்கெல்லாம் ஒரு மணமகளாகவே பதில் சொல்லத் தொடங்குகிறான். இந்த இடத்தில்தான் வேடம் உண்மையில் போடப்படுகிறது என்பேன். உடை மாற்றுவது பிற்பாடு நடக்கும் வேலை. கோப்பு அவனைப் பெண்ணாக்கி முடித்துவிட்டது, அவனும் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

துறைமுகத்தில் உச்சம் வருகிறது. முறையான தாள்கள் எல்லாம் கையில் இருக்கின்றன. ஆனால் மணமகள்கள் ஏறும் கப்பலில் ஓர் ஆண் ஏற வந்தால் மாலுமிகள் நம்பத் தயாராக இல்லை. வேறு வழியில்லாமல் கேத்தரின் அவனுக்கு ராணுவச் செவிலியர் சீருடையை மாட்டிவிடுகிறாள். தலைக்கு ஒரு குதிரையின் வால்முடியில் செய்த விக். கட்டையான முகம், அகன்ற தோள், அவலட்சணமான முடி. எந்தக் கோணத்தில் பார்த்தாலும் அது கேரி கிராண்ட்தான். ஆனாலும் அவனை ஏற்றிக்கொள்கிறார்கள்!

தொடக்கத்தில் கேட்ட கடைசிக் கேள்விக்கு விடை இங்கே கிடைக்கிறது. அவன் உண்மையைச் சொல்லி, சரியான தாள்களைக் காட்டியபோது ஒருவரும் நம்பவில்லை. பொய்யான உடையில், அரைகுறை வேடத்தில் வந்தபோது எல்லோரும் நம்புகிறார்கள். ஏனென்றால் அங்கே யாரும் ஆளைப் பார்ப்பதில்லை. பாவாடை இருக்கிறதா, சீருடை இருக்கிறதா, பட்டியலில் பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கிறார்கள். வேடம் மோசமாக இருக்க இருக்க நகைச்சுவை கூர்மையாகிறது. நல்ல ஒப்பனை போட்டிருந்தால் இந்தப் படம் கெட்டுப்போயிருக்கும்.

ஹாக்ஸுக்கு இது தெளிவாகத் தெரிந்திருந்தது. பெண் உடையில் நளினமான சைகைகளோடு நடிக்கலாம் என்று கிராண்ட் முதலில் நினைத்தார். வேண்டாம், பாவாடை கட்டிய ஓர் ஆணாக மட்டும் இரு என்று ஹாக்ஸ் சொல்லிவிட்டார். அதனால் ரோஷார் இடுப்பை ஆட்டுவதில்லை, குரலைக் குழைப்பதில்லை. எரிச்சலும் அவமானமும் நிறைந்த ஓர் ஆணாகவே பாவாடைக்குள் நிற்கிறான். இதை ஒரு நடிப்புப் பாடமாகவே எடுத்துக்கொள்ளலாம். பெண்ணைக் கேலி செய்து நடித்தால் பெண்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். பெண்தன்மை உள்ளவர்களைக் கேலி செய்து நடித்தால், ஏற்கெனவே அவமதிப்பை அனுபவிக்கும் மனிதர்களைப் பார்த்துச் சிரிக்கிறோம். பெண் வேட நகைச்சுவை என்ற பெயரில் வரும் பல படங்கள் இந்தக் குழியில் விழுகின்றன, அது என்னை வருத்துகிறது. ஹாக்ஸின் படத்தில் சிரிப்புக்கு இலக்காவது அந்த மனிதனின் மிடுக்கும் அவனைச் சுற்றியுள்ள நிர்வாகமும்தான்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தச் சோதனைகளில் கேத்தரின் வெறும் பார்வையாளர் கிடையாது. வண்டி ஓட்டுவது அவள், வேலையை முடிப்பது அவள், அதிகாரிகளிடம் வழக்காடுவது அவள், விக் செய்வதும் அவள்தான். ஆன் ஷெரிடனின் சிரிப்பு இந்தப் படத்துக்கு உயிர். அவன் திண்டாடும்போது அவள் அடக்க முடியாமல் சிரிக்கிறாள், அதில் பகை துளியும் இல்லை. அவள் அப்படிச் சிரிப்பதால்தான் நாமும் குற்ற உணர்ச்சி இல்லாமல் சிரிக்கிறோம்.

கிராண்டின் உடல் பயிற்சியும் இதற்கெல்லாம் பின்னால் இருக்கிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டலில் 1904இல் ஆர்ச்சிபால்ட் லீச் என்ற பெயரில் பிறந்தவர். பதின்வயதிலேயே ஒரு கழைக்கூத்துக் குழுவில் சேர்ந்து குட்டிக்கரணம் கற்றவர். ரயில்வே கேட்டின் தடுப்புக் கம்பு அவரைத் தூக்கிக்கொண்டு மேலே போகும் காட்சியைப் பார்த்தால், நாற்பது வயதைத் தாண்டிய ஆள் இப்படிச் செய்கிறாரே என்று வியப்பாக இருக்கும்.

படப்பிடிப்பே ஒரு சோதனைதான். 1948இல் ஜெர்மனியில் தொடங்கி, இங்கிலாந்தில் தொடர்ந்தபோது, ஷெரிடனுக்கு நுரையீரல் நோய் வந்தது. கிராண்டுக்குக் கல்லீரல் அழற்சியும் மஞ்சள் காமாலையும். அவர் உடம்பு பாதியாகி, படப்பிடிப்பு நீண்ட நாட்கள் நின்றுபோய், மிச்சம் அமெரிக்காவில் எடுக்கப்பட்டது. மோட்டார் சைக்கிள் சரிவில் ஓடி வைக்கோல் போருக்குள் நுழையும் ஒரு காட்சி உண்டு. உள்ளே நுழைந்த கிராண்ட் மறுபக்கம் பல கிலோ குறைந்து வெளியே வந்தார் என்று ஹாக்ஸ் பிற்காலத்தில் சொல்லிச் சிரிப்பார். படம் வெளியானபோது சட்டத்தின் மூன்று ஆண்டுக் கெடு முடிந்துவிட்டிருந்தது. ஆனால் அந்தப் படிவங்களை நிரப்பிய குடும்பங்கள் அமெரிக்கா முழுவதும் இருந்தன. படம் நன்றாக ஓடியது.

குறையும் சொல்ல வேண்டும். போர் சிதைத்த ஜெர்மனியிலேயே எடுத்தும், அங்கே வாழ்ந்த மக்களின் பசியையும் இழப்பையும் படம் கிட்டத்தட்டத் திரும்பிப் பார்ப்பதே இல்லை. இடிபாடுகள் பின்னணியில் வந்து போகின்றன, அவ்வளவுதான். முதல் பாதியில் சில சண்டைகள் தேவைக்கு மேல் நீள்கின்றன. பொறுத்துக்கொண்டு இரண்டாம் பாதிக்கு வந்துவிடுங்கள்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வரிசை சொல்கிறேன். முதலில் 'பிரிங்கிங் அப் பேபி'. அதில் உடைகள் சலவைக்குப் போய்விட, கிராண்ட் ஒரு பெண்ணின் பஞ்சுபோன்ற இரவு அங்கியில் நிற்கும் சிறு காட்சி வரும். இந்தப் படத்தின் விதை அங்கே இருக்கிறது. அடுத்து இந்தப் படம். மூன்றாவதாக பில்லி வைல்டர் 1959இல் எடுத்த 'சம் லைக் இட் ஹாட்'. அதில் கொலை ஒன்றைப் பார்த்துவிட்ட இரண்டு இசைக்கலைஞர்கள் ரவுடிகளுக்குப் பயந்து பெண்கள் இசைக்குழுவில் ஒளிந்துகொள்கிறார்கள். வேடம் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது, படம் முழுக்க நிலைக்கிறது. ஜாக் லெமன் அந்த வேடத்துக்குள் மெல்ல மெல்ல மகிழ்ச்சியாகக் குடியேறியே விடுகிறார். ரோஷாரோ ஒரு நொடிகூட அதில் வசதியாக இருப்பதில்லை. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போது, வேடத்தை யார் நம்புகிறார்கள் என்பதோடு, போட்டவனுக்கு அது பிடிக்கிறதா என்பதையும் கவனியுங்கள். அந்த ஒரு வேறுபாட்டால் இரண்டு படங்களும் வெவ்வேறு திசையில் போகின்றன.